2024–25 ஆண்டறிக்கை: மாத்திரையும் மூளை வங்கியும்

நம் பார்க்கின்சன் (நடுக்குவாத) நோய்க் குழு உறுப்பினர்களுக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் வீட்டாருக்கும் வணக்கம். போன வருஷம் நான் அறிக்கை வாசித்து முடிப்பதற்குள் பாதிப் பேர் மாத்திரை வேகம் இறங்கி உடம்பு முடங்கி 'ஆஃப்' ஆகிவிட்டார்கள், அதனால் இந்த முறை எழுதியே அனுப்புகிறேன், அவரவர் மாத்திரை வேலை செய்து 'ஆன்' ஆக இருக்கும்போது படித்துக்கொள்ளுங்கள்.

12 கூட்டத்தில் 9 நடந்தது. இரண்டு மழையில் போயிற்று, ஒன்று நான் மறந்தது. வரவு செலவுத் தாள் பொருளாளர் அக்காவிடம் இருக்கிறது, வடைச் செலவு பற்றிய கேள்விகளையும் அவரிடமே கேளுங்கள். செவ்வாய்க்கிழமை நடைப்பயிற்சி நன்றாகவே போகிறது. கால் தரையோடு ஒட்டிக்கொண்ட மாதிரி நின்றுபோகிறவர்கள்கூட, தரையில் டேப் ஒட்டிக் கோடு காட்டினால் அதைத் தாண்டி நடந்துவிடுகிறார்கள்.

ஆகஸ்ட் கூட்டம் சண்டையில் முடிந்திருக்க வேண்டியது. ஒருவர் பூனைக்காலி விதைப் பொடி கொண்டுவந்து, "சிண்டோபா மாத்திரை எதற்கு, இது போதும்" என்றார். பேச வந்திருந்த நரம்பியல் டாக்டர் கோபப்படவில்லை, கதை சொல்ல ஆரம்பித்துவிட்டார். அந்த விதையில் இருப்பதும் நம் மாத்திரையில் இருப்பதும் லீவோடோப்பா என்ற ஒரே மருந்துதான். 1937ல் சென்னையில் தாமோதரன், ராமசாமி என்ற இரண்டு பேர் பூனைக்காலியிலிருந்து அதைப் பிரித்தெடுத்துக் காட்டிவிட்டார்கள், ஆனால் அது நம் நோய்க்கு ஆகும் என்று அப்போது உலகத்தில் யாருக்கும் தெரியாது. அதற்கும் முன்பு, 1913ல், சுவிட்சர்லாந்தில் குகன்ஹைம் என்பவர் ஒரு வகை அவரையிலிருந்து எடுத்து, இரண்டரை கிராமைத் தானே விழுங்கிப் பார்த்து வாந்தி எடுத்திருக்கிறார் (முதல் மாதம் நாம் எடுத்த அதே வாந்திதான்!).

1957ல் ஸ்வீடனில் கார்ல்சன் முயல்களுக்கு ரிசர்பின் என்ற மருந்தைக் கொடுத்தார், அதுவும் நம்மூர் சர்ப்பகந்தாவில் இருக்கிற சரக்குதான், முயல்கள் காது தொங்கி அசையாமல் கிடந்தன, லீவோடோப்பா ஊசி போட்டதும் எழுந்து நடமாடின. மூளையில் டோப்பமின் (உடம்பின் அசைவுக்கு வேண்டிய ரசாயனம், ரிசர்பின் அதை வற்றவைக்கும், லீவோடோப்பா அதுவாக மாறும்) குறைந்தால் உடம்பு இப்படி முடங்கும் என்பது அங்கிருந்துதான் பிடிபட ஆரம்பித்தது. அப்புறம் வியன்னாவில் ஹார்னிகீவிச் என்பவர் இந்த நோயோடு இறந்தவர்களின் மூளையை எடுத்து அளந்து பார்த்து, டோப்பமின் அடியோடு குறைந்திருக்கிறது என்று 1960ல் எழுதினார். அடுத்த வருஷமே நோயாளிகளுக்கு ஊசியாகப் போட்டுப் பார்த்தார்கள்.

சரி, பொடி விஷயத்துக்கு வருகிறேன். மாத்திரையில் கார்பிடோப்பாவும் சேர்ந்திருக்கிறது, மருந்து மூளைக்குப் போய்ச் சேரும் முன்பே வழியில் டோப்பமினாக மாறி வீணாகாமல் அது தடுக்கிறது. பொடியில் அது கிடையாது, ஸ்பூனுக்கு எவ்வளவு மருந்து என்ற கணக்கும் கிடையாது. டாக்டரிடம் சொல்லாமல் இரண்டையும் சேர்த்துச் சாப்பிட வேண்டாம். இன்னொன்று, மாத்திரை போட்டு அரை மணி நேரமாவது கழித்துச் சாப்பிடுங்கள். பருப்பு, பால், முட்டையில் உள்ள புரதமும் இந்த மருந்தும் உள்ளே போக ஒரே வாசலில்தான் முட்டிமோதுகின்றன.

அக்டோபரில் வேன் வைத்து நிம்ஹான்ஸ் என்ற மனநல, நரம்பியல் மருத்துவமனையின் மூளை அருங்காட்சியகத்துக்குப் போனோம். பெங்களூரில் அது இருப்பதே நம்மூர் பெயர் கொண்ட ஓசூர் ரோட்டில்தான், இத்தனை வருஷம் ஓபிக்கு மட்டும் போய்விட்டுத் திரும்பியிருக்கிறோம். நடுமூளையில் ஒரு கறுப்புப் பட்டை இருக்கும், டோப்பமின் சுரக்கும் செல்கள் அங்கேதான் இருக்கின்றன, நம் நோயில் அது வெளுத்துப்போகும். 1995 முதல் அங்கே மூளை வங்கியும் இருக்கிறது, இறந்தவர்களின் மூளையைக் குடும்பத்தார் சம்மதத்தோடு வாங்கி ஆராய்ச்சிக்கு வைக்கிறார்கள். இறந்து சில மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும்.

அன்று பாகலூர் ரோடு பெரியவர், "என்னுடையதை எடுத்துக்கட்டும், எனக்குத்தான் அது ஒழுங்கா வேலை செய்யலையே" என்று சொல்லிச் சிரித்தார். நடைமுறையை விசாரித்து எல்லார் வீட்டுக்கும் ஒரு தாள் கொடுப்பது என் வேலை. விசாரித்தேன், எழுதினேன், பையில் வைத்தேன், கொடுக்கவில்லை. டிசம்பரில் ஒரு விடியற்காலை அவர் மகன் போன் செய்து "அங்கிள், யாரைக் கூப்பிடணும்?" என்று கேட்டபோது தாள் எந்தப் பையில் என்றே தெரியவில்லை. கிடைத்தபோது அவர்கள் சுடுகாட்டிலிருந்து திரும்பிவிட்டார்கள். மகன் ஒரு வார்த்தை சொல்லவில்லை, போன மாதம் சந்தாவைக்கூடக் கட்டிவிட்டுப் போனார்.

அந்தத் தாளை இந்த அறிக்கையோடு சேர்த்து அனுப்பியிருக்கிறேன். விருப்பம் உள்ளவர்கள் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள், முதலில் வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள், ஏனென்றால் கடைசியில் சம்மதம் சொல்ல வேண்டியது வீட்டார்தான். விருப்பம் இல்லாதவர்களை யாரும் வற்புறுத்தக் கூடாது என்று கமிட்டியிலும் முடிவாகியிருக்கிறது.

கடைசியாக, கூட்டக் குறிப்பேடு. மார்ச் மாதப் பக்கத்தில் முதல் வரி பெரிதாகவும் கடைசி வரி எறும்பு ஊர்ந்த மாதிரியும் இருக்கிறது, என்ன முடிவெடுத்தோம் என்று எனக்கே படிக்க முடியவில்லை. எழுத்து சிறுத்துப்போவதும் நம் நோயின் அடையாளம்தான். அடுத்த கூட்டத்திலிருந்து குறிப்பெழுத வீட்டார் யாராவது ஒருவர் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
செயலாளர்