முத்துலட்சுமி அம்மையாரின் சட்டமன்ற உரைகளைத் தமிழில் அச்சிட நன்கொடை வேண்டுகிறோம்

அன்புடையீர்,

வணக்கம். புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் துணைத் தலைவராக ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது 1927-ல். 2027-ல் அதற்கு நூறு ஆண்டு நிறைகிறது. அதற்குள் அவர் அவையில் ஆற்றிய உரைகள், எழுப்பிய கேள்விகள், கொண்டுவந்த தீர்மானங்கள், மசோதாக்கள் அனைத்தையும் தமிழில் ஒரே தொகுதியாக வெளியிட எங்கள் குழு முடிவு செய்திருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்து அரசுப் பெண்கள் பள்ளிகளுக்கும் கிளை நூலகங்களுக்கும் அதை விலையில்லாமல் வழங்குவோம். இதற்கு உங்கள் பொருளுதவியை நாடியே இந்த மடலை எழுதுகிறோம்.

மருத்துவராக அம்மையாரை நாடே அறியும். அடையாற்றில் அவர் எழுப்பிய புற்றுநோய் மருத்துவமனைக்கு 1952-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 முதல் அது இயங்கி வருகிறது. அவர் பிறந்த ஜூலை 30-ஆம் நாளை மருத்துவமனை தினமாகத் தமிழக அரசு கொண்டாடுகிறது. ஏழைக் கர்ப்பிணிகளுக்கான அரசு நிதியுதவித் திட்டமும் அவர் பெயரில்தான் நடக்கிறது. ஆனால், சட்டமன்றத்தில் அவர் என்ன செய்தார் என்று கேட்டால், "தேவதாசி முறையை ஒழித்தார்" என்ற ஒரு வரியோடு பெரும்பாலோர் நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த ஒரு வரிக்குள் இருபது ஆண்டுப் போராட்டம் மறைந்துபோய்விடுகிறது என்பதே எங்கள் ஆதங்கம்.

அவர் அவைக்குள் நுழைந்த கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை மாகாணத்துப் பெண்களுக்கு 1921-லேயே வாக்குரிமை கிடைத்துவிட்டது. சொத்துத் தகுதி உள்ள சிலருக்குத்தான் என்றாலும் இந்திய மாகாணங்களில் அதுவே முதல். வாக்களிக்கலாம், உறுப்பினராகக் கூடாது என்ற விதி மட்டும் 1926 வரை நீடித்தது. விதி மாறியதும் நடந்த தேர்தலில் கமலாதேவி சட்டோபாத்யாயா போட்டியிட்டுக் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். ஆகவே நியமன உறுப்பினராக ஒரு பெண்ணாவது அவையில் இருக்க வேண்டும் என்று மகளிர் அமைப்புகள் வற்புறுத்தின. முத்துலட்சுமியின் பெயர் முன்மொழியப்பட்டபோது, மருத்துவப் பணி கெட்டுவிடுமே என்று அவர் தயங்கினார். தயங்கியவர்தான், உள்ளே போன பிறகு ஒரு கூட்டத்தொடரையும் வீணாக்கவில்லை.

பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்றார். ஏழைப் பெண் குழந்தைகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை கேட்டார். பெண்ணின் திருமண வயது 16 என்றும் ஆணுக்கு 21 என்றும் சட்டம் செய்யப் பரிந்துரைக்கும் தீர்மானத்தை 1928-ல் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டு மத்தியச் சட்டமன்றம் நிறைவேற்றிய சாரதா சட்டம் 14 என்றும் 18 என்றும்தான் வைத்தது. சென்னையில் ஒரு டாக்டர் அதைத் தாண்டிக் கேட்டிருந்தார் என்பது இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? விபசார விடுதிகளை ஒழிக்கும் 1930-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் அவர் பாடுபட்டார்.

தேவதாசி முறை பற்றிய பகுதியே இந்தத் தொகுதியின் உயிர். அம்மையாரின் தாய் சந்திரம்மாள் அந்த மரபுக் குடும்பத்தைச் சேர்ந்தவர். ஆக, ஏட்டறிவைக் கொண்டு மட்டும் அவர் பேசவில்லை. 1927-ல் முதலில் தீர்மானம். பிறகு, எங்கே பிடித்தால் முடிச்சு அவிழும் என்று பார்த்து, கோயில் பணிக்காக அந்தக் குடும்பங்களுக்கு விடப்பட்டிருந்த இனாம் நிலத்தில் கை வைத்தார். கோயிலில் பணி செய்யும்வரை நிலம் உண்டு, பணி நின்றால் நிலமும் போகும் என்பதே வழக்கம். அடுத்த தலைமுறையில் ஒரு பெண்ணுக்குப் பொட்டுக் கட்டினால்தான், அதாவது அவளைக் கோயிலுக்குத் தேவதாசியாக நேர்ந்துவிட்டால்தான், குடும்பத்துக்குச் சோறு நிலைக்கும் என்ற நிலை. 1929-ல் இந்து சமய அறநிலையச் சட்டத்தில் வந்த திருத்தம் இந்தக் கட்டை அறுத்தது: கோயில் பணியிலிருந்து பெண்கள் விடுபட்டார்கள், நிலம் அவர்களிடமே நின்றது. சீர்திருத்தம் பேசுகிறவர் பலர். அந்தச் சீர்திருத்தத்தால் வயிறு காயப்போகிறவர்களுக்கு முதலில் வழி செய்துவிட்டுப் பேசியவர் இவர். எங்கள் குழுவில் இந்தப் பக்கங்களைப் படித்த ஒவ்வொருவரும் இந்த இடத்தில் நின்றுவிட்டோம்.

பொட்டுக் கட்டுவதையே தடைசெய்யும் மசோதாவை 1930-ல் அவர் கொண்டுவந்தார். அது சட்டமாவதற்குள் உப்புச் சத்தியாக்கிரகம் மூண்டது, காந்தியடிகள் கைதானார். அதைக் கண்டித்துத் தம் பதவியை அம்மையார் துறந்தார். கையில் முடிக்காத மசோதா இருக்கும்போது பதவியை விடுவது எத்தனை கடினம் என்பது பொதுவாழ்வில் இருப்பவர்களுக்குப் புரியும். வெளியே வந்தும் அவர் ஓயவில்லை. மாணவியர் விடுதிகள் சேர்க்க மறுத்த தேவதாசிக் குடும்பத்துச் சிறுமிகளுக்குத் தம் வீட்டிலேயே இடம் கொடுத்தார். அதுவே அவ்வை இல்லமாக வளர்ந்தது. ஊர் ஊராகப் போய்ப் பேசிய மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் போன்றோரின் உழைப்பும் சேர்ந்து, 1947-ல் ஓமந்தூரார் ஆட்சியில்தான் தடைச் சட்டம் நிறைவேறியது. அப்போதும் புதுக்கோட்டை தனிச் சமஸ்தானம். சென்னைச் சட்டம் இங்கே செல்லாது. 1948-ல் சமஸ்தானம் இணைந்த பிறகே, அவர் பிறந்த மண் சென்னை மாகாணத்தின் பகுதியானது.

எதிர்க் குரல்களையும் நாங்கள் விடப்போவதில்லை. அவையில் எதிர்த்தவர்களின் பேச்சு அவருடைய பேச்சுக்குப் பக்கத்திலேயே அச்சாகும். சென்னையில் தேவதாசிப் பெண்களே சங்கமாகக் கூடி, எங்கள் கலையையும் சொத்துரிமையையும் பறிக்காதீர்கள் என்று அரசுக்கு மனுக் கொடுத்தார்கள். அதையும் இணைப்பில் சேர்க்கிறோம். இது அம்மையாரின் புகழுக்குக் குறையாகாதா என்று சிலர் கேட்டார்கள். ஆகாது என்பதே குழுவின் முடிவு. எதிர்ப்பைத் தெரியாமல் படிக்கும் மாணவிக்கு அவருடைய துணிவும் தெரியாது.

இனி வேலையின் நிலைமை. அந்தக் காலத்துச் சட்டமன்ற நடவடிக்கைத் தொகுதிகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. பொடி எழுத்து, பழுப்பேறிய தாள். வேகமாகப் புரட்டினால் ஓரம் உதிர்கிறது. உறுப்பினர் பெயர், கேட்ட கேள்வி, அதற்கு அரசுத் தரப்பின் பதில், துணைக் கேள்வி என்று பக்கம் பக்கமாக ஓடும் அந்தப் பதிவுகளில் அவர் பெயரைத் தேடி எடுப்பதே பெரும் பணி. அறுபது ஆண்டுகளைக் கடந்த அரசு வெளியீடு என்பதால் பதிப்புரிமைத் தடை இல்லை. படியெடுக்கும் வேலையை ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் கல்லூரி மாணவிகளும் ஊதியம் வாங்காமல் செய்துவருகிறார்கள். மொழிபெயர்ப்பை மட்டும் இலவசமாகக் கேட்கக் கூடாது என்று உறுதியாக இருக்கிறோம். சட்டமொழி தெரிந்த ஒருவர் மாதக்கணக்கில் உட்கார்ந்து செய்யும் வேலைக்கு உரிய கூலி கொடுக்க வேண்டும். அச்சு, கட்டுமானம், பள்ளிகளுக்கு அனுப்பும் செலவு ஆகியவை அடுத்து வருகின்றன.

ஒரு பள்ளிக்கு ஒரு பிரதி சேர 500 ரூபாய் ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறோம். தாம் படித்த பள்ளியின் பெயரைச் சொல்லி 500 ரூபாய் தருவோர், அந்தப் பள்ளிக்கே பிரதி போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகையைப் பெறுவார்கள். 50 ரூபாய் தந்தாலும் அச்சிட்ட ரசீது உண்டு. 5,000 ரூபாய்க்கு மேல் தருவோர் காசோலையாகவோ வங்கி வழியாகவோ குழுவின் கணக்கில் செலுத்த வேண்டுகிறோம். ரசீது இல்லாமல் யாரிடமும் பணம் கொடுக்க வேண்டாம். வருமான வரிச் சலுகைக்கான பதிவு எங்கள் குழுவுக்கு இல்லை என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். கட்சி வேறுபாடின்றி எல்லாரிடமும் கேட்கிறோம். ஆனால் இன்றைய தலைவர் எவருடைய படமும் வாழ்த்துச் செய்தியும் புத்தகத்தில் இடம்பெறாது. நன்கொடையாளர் பெயர்கள் கடைசிப் பக்கங்களில், தொகை குறிப்பிடாமல், அகர வரிசையில் அச்சாகும்.

பணமாகத் தர இயலாதவர்கள் மெய்ப்புத் திருத்த வரலாம். வீட்டில் அந்தக் காலத்துச் செய்தித்தாள் நறுக்குகள், துண்டறிக்கைகள், கடிதங்கள் இருந்தால் படியெடுத்துக்கொள்ளத் தந்து உதவலாம். வாங்கிய பொருளைப் பத்திரமாகத் திருப்பித் தருவது எங்கள் பொறுப்பு.

வரவு செலவுக் கணக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை நன்கொடையாளர் அனைவருக்கும் அனுப்பப்படும். மிச்சப்படும் தொகை முழுவதும் கூடுதல் பிரதிகளுக்கே செலவாகும்.

இப்படிக்கு,
தொகுப்புக் குழுவினர்,
புதுக்கோட்டை.