காற்றின் வேகம்: சராசரியா, வீச்சா?

ஆசிரியர் அவர்கட்கு,

"மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் காற்று" என்று செய்தி போடும்போது, அது சராசரியா திடீர் வீச்சா என்பதையும் தயவுசெய்து சேர்த்துப் போடுங்கள். உலக வானிலை நிறுவனத்தின் முறைப்படி சராசரி என்பது 10 நிமிடத்துக்கு, வீச்சு என்பது 3 செக்கனுக்கு. திறந்த வெளியில்கூட வீச்சு சராசரியின் ஒன்றரை மடங்கை நெருங்குவது சாதாரணம். வேகம் 40 இலிருந்து 60 ஆனால் காற்று தள்ளும் விசை இரண்டேகால் மடங்காகும். படகு இறக்குவதா விடுவதா என்று கரையில் நிற்பவருக்கு இது உயிர்ப் பிரச்சினை.

எங்கே அளந்தது என்பதும் முக்கியம். கருவி தரையிலிருந்து 10 மீற்றர் உயரத்தில், பக்கத்துத் தடையின் உயரத்தைப்போல் குறைந்தது பத்து மடங்கு தள்ளி நிற்கவேண்டும். 20 மீற்றர் பனைக்கு 200 மீற்றர்! வளவுக்கு வளவு பனை நிற்கும் யாழ்ப்பாணக் குடாநாட்டில் அப்படி இடம் தேடுவது கடினந்தான். அதற்காகப் பாடசாலைக் கூரையின் விளிம்பில் பூட்டக்கூடாது. விளிம்பில் ஏறும் காற்று நெருக்குண்டு வேகம் கூடும், சற்று உள்ளே தள்ளினால் சுழல் காற்றில் அகப்படும்.

காற்றின் வேகத்தை அளக்கும் கிண்ணக் கருவியில் மூன்று கிண்ணங்கள். குழிந்த பக்கத்தில் காற்று கூடுதலாகத் தள்ளுவதால் எத்திசைக் காற்றுக்கும் ஒரே பக்கமாகவே சுற்றும். அச்சோடு சுற்றும் காந்தம் தரும் துடிப்புகளைப் பதிகருவி எண்ணி வேகமாக்கும். நம் கரையோர உப்புக்காற்றில், அச்சைத் தாங்கிச் சுழலவிடும் பெயாரிங் இறுகும்போது முதலில் கெடுவது மென்காற்றின் அளவு: இலை அசையும், கிண்ணம் அசையாது, பூச்சியம் பதிவாகும். பலத்த காற்றில் ஏறக்குறைய சரியாகவே காட்டுவதால் பிழை மாதக்கணக்கில் தெரியாது. காற்றில்லாத வேளையில் விரலால் மெல்லச் சுண்டிப் பாருங்கள். தானாகத் தணிந்து நிற்கவேண்டும். சட்டென்று பிடித்து நின்றால் பெயாரிங்கை மாற்றுங்கள்.

காற்றுத் திசைகாட்டியின் கூர் காற்று வரும் பக்கத்தைக் காட்டும். வடக்கிலிருந்து வலஞ்சுழியாக எண்ணினால் வடகிழக்கு வாடைக்கு 45 பாகை, தென்மேற்குச் சோழகத்துக்கு 225. பூட்டும்போது காந்தத் திசையறி கருவியின் வடக்கை அப்படியே எடுக்காமல், புவியின் வடமுனையை நோக்கிய உண்மை வடக்குக்குத் திருத்தவேண்டும். கணக்கிலும் ஒரு பொறி உண்டு. 350 பாகையையும் 10 பாகையையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 180 வரும். வடக்கிலிருந்து அடித்த காற்று தெற்குக் காற்றாகப் பதிவாகிவிடும். ஒவ்வோர் அளவையும் வடக்கு–தெற்கு, கிழக்கு–மேற்கு என இரு கூறாகப் பிரித்துத்தான் சராசரி எடுக்கவேண்டும். பாடசாலைகளில் தரவு தொகுக்கும் ஆசிரியர்கள் இதை ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

வானிலைக் கருவிகள் பராமரிப்பவர் ஒருவர்,
பருத்தித்துறை.