அடிக்கு ஓர் அடி நூல்: புதன்கிழமை ஆட்டத்துக்குத் துணை நின்றவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

கோவை, திருப்பூர், பொள்ளாச்சி என்று மூன்று திசைகளிலிருந்து புதன்கிழமைதோறும் விடியற்காலையில் வந்து கூடி, ஒன்பது குழிகள் ஆடிவிட்டு, வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்பும் எங்கள் மகளிர் கோல்ஃப் குழுவின் இந்த ஆண்டு ஆட்டங்கள் சென்ற வாரத்தோடு நிறைவடைந்தன. பரிசளிப்பு நாளில் வென்றவர்களின் பெயர்களை வாசித்து முடிப்பதற்குள்ளேயே நேரம் போய்விட்டது. மட்டையையே தொடாமல் எங்களுக்காக உழைத்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டிய நன்றி அன்று சொல்லப்படாமல் நின்றுவிட்டது. அன்றைய அறிவிப்பில் ஒரு பெரும்பிழையும் செய்துவிட்டேன். இரண்டுக்கும் சேர்த்தே இந்த மடல்.

எங்களில் பலர் கோல்ஃப் பக்கம் வந்ததே 2021 ஆகஸ்டில், டோக்கியோ ஒலிம்பிக்கில் பெங்களூருப் பெண் அதிதி அசோக் ஒரே ஓர் அடியில் வெண்கலத்தைத் தவறவிட்டு நான்காவதாக வந்த அந்தக் காலை நேரத்தைத் தொலைக்காட்சியில் பார்த்த பிறகுதான். ஆசை வந்துவிட்டது, ஆனால் ஆட்டம் வரவில்லை. மொத்த அடிகளைக் கூட்டி, குறைந்தவர் வென்றார் என்று மட்டுமே கணக்கு வைத்திருந்த முதல் சில மாதங்களில், மூன்றாவது குழியில் பந்தை மணல் பங்கருக்குள் விட்டுப் பதினோரு அடி வாங்கிய ஒருவர், மீதமுள்ள ஆறு குழிகளையும் எதற்காக ஆடுகிறோம் என்று தெரியாமலேயே ஆடினார். அடுத்த வாரம் வயிற்றுவலி என்றார். அதற்கடுத்த வாரம் வளைகாப்பு என்றார். பிறகு காரணம் சொல்வதையும் விட்டுவிட்டார்.

இந்த நிலையை மாற்றியவர், பஞ்சாலை அலுவலகம் ஒன்றில் பல்லாண்டுகள் கணக்கு எழுதி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர். உறுப்பினர் ஒருவருக்கு மாமனார். பெயரைப் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் ‘கணக்கு ஐயா’ என்றே குறிப்பிடுகிறேன். கோல்ஃப் ஆடாதவர். ஆனால் எங்கள் ஸ்கோர் கார்டுகளை ஒரு நாள் புரட்டிப் பார்த்தவர், "ஏனுங்க, ஒரு குழியில விழுந்த நட்டத்தை வருசம் முழுக்கச் சுமக்கச் சொன்னா யாருங்க கடை நடத்துவாங்க?" என்று கேட்டார். மொத்த அடிகளைக் கூட்டாமல் குழிக்குக் குழி புள்ளி தரும் ஸ்டேபிள்ஃபோர்டு முறையை நாங்கள் அவருக்கு விளக்கியது அன்றுதான். அடுத்த வாரம் அவர் அதை எங்களுக்கே விளக்கினார்.

இந்த முறையைக் கண்டவர் ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்டு என்னும் ஆங்கில மருத்துவர். இரண்டு மூன்று குழிகள் கெட்டதும் மனம் விட்டுக் கார்டைக் கிழித்துப் போட்டுவிட்டுப் போகிறவர்களைப் பார்த்து, 1931இன் பிற்பகுதியில் வாலசி என்னும் கடலோர மைதானத்தில் அவருக்கு இந்த யோசனை தோன்றியது. 1932 மே மாதம் அங்கேயே முதல் போட்டி நடந்தது. அது காற்றடிக்கும் மைதானம் என்பதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனியிலும் ஆடியிலும் வந்து அறைகிற காற்றை நேர் எதிரே வைத்துக்கொண்டு ஆடுகிறவர்கள் நாங்கள். அம்மியே பறக்கும் என்கிற காற்றில், 46 கிராம்கூட எடையில்லாத பந்து சொன்ன இடத்துக்குப் போகும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

கணக்கு எளிது. ஒரு குழியை முடிக்க வகுத்துள்ள அடி எண்ணிக்கைக்குப் பார் என்று பெயர். அந்தப் பார் எண்ணிக்கையில் முடித்தால் இரண்டு புள்ளி, ஓர் அடி கூடினால் ஒன்று, ஓர் அடி குறைந்தால் மூன்று, இரண்டடி குறைந்தால் நான்கு. இரண்டடியோ அதற்கு மேலோ கூடினால் ஒன்றுமில்லை. இந்தக் கூடுதலும் குறைவும், அவரவர் திறமைக்கேற்பத் தரப்படும் அடிச் சலுகையான ஹேண்டிகேப்பைக் கழித்த பிறகு பார்க்கப்படுவதுதான் இதன் உயிர். 18 குழிகளுக்கு 36 ஹேண்டிகேப் உள்ள ஒருவருக்குக் குழிக்கு இரண்டடி சலுகை உண்டு. ஆகவே பார் நான்கு உள்ள குழியில் அவர் ஆறு அடித்தால் இரண்டு புள்ளி, ஏழு அடித்தால் ஒரு புள்ளி. ஏழாவது அடியிலும் பந்து உள்ளே போகவில்லையென்றால், மேலும் அடித்துப் பயனில்லை. பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்த குழிக்கு நடக்கலாம். "எடுத்துக்கலாமுங்கம்மா, இதுல இனி பாயிண்ட் வராதுங்க" என்று, மட்டைப் பையைச் சுமந்து கூடவே வரும் கேடி அண்ணன்மார் சொல்கிற அந்த ஒரு வாக்கியம் எத்தனை பேருடைய மானத்தைக் காத்தது என்பது எங்களுக்குத்தான் தெரியும். ஆட்டம் முடிகிற நேரமும் கணிசமாகக் குறைந்தது. பள்ளி வேன் வருவதற்குள் வீடு சேர வேண்டிய தாய்மார்களுக்கு இது சின்ன விஷயமன்று.

ஒவ்வொரு புதனும் ஸ்டேபிள்ஃபோர்டே ஆடினால் அதுவும் சலித்துவிடும் என்பதால், மாதத்தில் இரண்டு வாரம் வேடிக்கை ஆட்டங்களுக்கு ஒதுக்கினோம். அவற்றில் எல்லாரும் இன்றுவரை பேசுவது நூல் ஆட்டத்தைப் பற்றித்தான். உலகெங்கும் கயிற்றை வைத்து ஆடுகிற பழைய விளையாட்டுதான் இது. ஹேண்டிகேப்பில் ஒவ்வோர் அடிக்கும் ஓர் அடி நீளக் கயிறு தரப்படும். இரண்டுக்கும் தமிழில் ஒரே சொல்லாக அமைந்துவிட்டதால் விதியை விளக்க எனக்கு அரை நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. பந்து மணலிலோ மரத்தடியிலோ கிடந்தால், தண்டனை இல்லாமல், வேண்டிய தூரம் கையால் நகர்த்தி வைத்துக்கொள்ளலாம். நகர்த்திய அளவுக்குக் கயிற்றை வெட்டிவிட வேண்டும். குழிக்கு அருகில் நின்றுவிட்ட பந்தைக் கயிற்றைச் செலவழித்து உள்ளேயே போட்டுக்கொள்ளலாம். அதற்கு அடிக் கணக்குக் கிடையாது. கோல்ஃப் சட்டப் புத்தகத்துக்கு இது ஒத்துவராது என்பதால் அந்த வாரக் கார்டுகளை ஹேண்டிகேப் பதிவுக்கு அனுப்புவதில்லை.

கயிறு வாங்கக் கடைக்குக் கிளம்பியபோது, நூற்பாலை நடத்தும் குடும்பத்து அம்மையார் ஒருவர், பஞ்சாலை ஊரில் இருந்துகொண்டு கயிற்றைக் காசு கொடுத்து வாங்குவதா என்று கடிந்துகொண்டு, ஒரு முழு கோன் நூலை அனுப்பிவைத்தார். ஒற்றை இழை நூல் இழுத்தால் அறுந்தது, விட்டால் சுருண்டது. அவரே மறுபடியும் வந்து உட்கார்ந்து, நாலு இழையாக முறுக்கி, அடிக்கு ஒரு முடிச்சு போட்டு, ஒவ்வொருவருக்கும் அளந்து சுற்றிக் கொடுத்தார். வெட்டுவதற்குத் திருப்பூரில் பனியன் துணிப் பிசிர் வெட்டுகிற சின்னக் கத்தரிகள் நான்கு வந்தன. அவற்றைக் கொடுத்தவருக்கும் இங்கேயே நன்றி.

அன்று நடந்த ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. பன்னிரண்டு அடி நூலுடன் புறப்பட்ட எங்கள் மூத்த உறுப்பினர், முதல் பங்கரிலேயே நான்கடியைத் தாராளமாக வெட்டிக் கொடுத்துவிட்டு, பிறகு கஞ்சத்தனம் பிடித்து, ஒன்பதாவது குழியைச் சுற்றியுள்ள குறும்புல் பரப்பான க்ரீனுக்கு ஒரு சாண் நூலோடு வந்து சேர்ந்தார். பந்துக்கும் குழிக்கும் நடுவே அவர் மண்டியிட்டு நூலை நீட்டிப் பிடித்தபோது, மூன்று விரற்கடை பற்றவில்லை. நூலை ஈரப்படுத்தி இழுத்துப் பார்க்கலாமா என்று ஒரு குரல் கேட்டது. யார் என்று சொல்ல மாட்டேன். அவர் எழுந்து, நூலை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, பந்தை உருட்டிவிடும் மட்டையான பட்டரை எடுத்து, ஒன்றேகால் சாண் தூரத்தை அடித்தார். பந்து குழியின் விளிம்பைச் சுற்றி வந்து வெளியே நின்றது. அந்த ஒரு சாண் நூல் இப்போது எங்கள் அறிவிப்புப் பலகையில் குண்டூசியில் தொங்குகிறது.

கேடி அண்ணன்மாருக்குத் தனியாகவே எழுத வேண்டும். பிங்கோ பாங்கோ போங்கோ என்ற ஆட்டத்தை அறிமுகப்படுத்திய நாளில், அந்தப் பெயரை உச்சரிப்பதிலேயே நாங்கள் குழம்பிக்கொண்டிருந்தபோது, அவர்கள் அதை ‘முந்தி, கிட்ட, குழி’ என்று மூன்று சொல்லில் முடித்துவிட்டார்கள். க்ரீனில் முதலில் பந்தை ஏற்றியவருக்கு ஒரு புள்ளி. எல்லாருடைய பந்தும் க்ரீனுக்கு வந்த பிறகு குழிக்கு மிகக் கிட்டத்தில் இருப்பவருக்கு ஒன்று. முதலில் குழிக்குள் போட்டவருக்கு ஒன்று. தொலைவில் இருப்பவரே முதலில் அடிக்க வேண்டும் என்ற வரிசை தவறினால் இந்த ஆட்டமே கெட்டுவிடும். தூரமாக அடிக்கத் தெரியாதவர்தான் பின்னால் நிற்பார். ஆகையால் க்ரீனை முந்தித் தொடும் வாய்ப்பும் அவருக்கே முதலில் வரும். அந்த வாய்ப்பைப் பறிக்க விடாமல், அவசரப்பட்டு முன்னே நடந்தவர்களை (நானும் அதில் உண்டு) "பொறுங்கம்மா, பின்னால அக்கா இருக்காங்க" என்று நிறுத்தி வைத்தவர்கள் அவர்கள்தாம்.

நால்வர் ஒரே அணியாக ஆடும் ஸ்க்ராம்பிளில் கணக்கு ஐயா மறுபடியும் கைகொடுத்தார். நால்வரும் அடித்து, நல்ல இடத்தில் விழுந்த பந்தைத் தேர்ந்தெடுத்து, அங்கிருந்தே நால்வரும் அடுத்த அடியை அடிக்கும் இந்த ஆட்டத்தில், அணியின் ஹேண்டிகேப்பை எப்படிக் கணக்கிடுவது என்பதில் வழக்கு மூண்டது. குறைந்தவரிலிருந்து கூடியவர் வரை முறையே 25, 20, 15, 10 சதவீதம் எடுத்துக் கூட்ட வேண்டும் என்பது பரிந்துரைக்கப்பட்ட வழி. 12, 20, 30, 40 ஹேண்டிகேப் உள்ள நால்வருக்கு மூன்று, நான்கு, நாலரை, நான்கு. ஆகப் பதினைந்தரை, முழுமையாக்கினால் பதினாறு. அவர் அதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டிய பிறகு யாரும் வாய் திறக்கவில்லை. ஒவ்வொருவருடைய முதல் அடியும் ஒன்பது குழிகளில் இரண்டு முறையாவது பயன்பட்டாக வேண்டும் என்ற எங்கள் விதியும் அவர் சேர்த்ததே. அது இல்லாவிட்டால் ஒருவர் அடிக்க மூவர் வேடிக்கை பார்ப்பதாக முடிந்திருக்கும்.

விருந்தினர் நாளில், ஹேண்டிகேப் இல்லாமல் வந்த தோழியருக்காக, அன்று மட்டும் 18 குழிகளும் ஆடி, பியோரியா முறையைக் கையாண்டோம். யாருக்கும் தெரியாமல் ஆறு குழிகளைக் குறித்து வைத்து, அவற்றில் வாங்கிய அடிகளை மூன்றால் பெருக்கி, பார் 72ஐக் கழித்து, மீதியில் 80 சதவீதத்தை அன்றைய ஹேண்டிகேப்பாகக் கொள்வது அந்த முறை. ஆறு குழிகளில் 38 என்றால் 114. அதில் 72 போக 42. அதன் 80 சதவீதம் 33.6, முழுமையாக்கினால் 34. பார் மூன்று, நான்கு, ஐந்து உள்ள குழிகளில் இவ்விரண்டு வேண்டும் என்று மட்டும் சொல்லி, குழிகளைக் குறிக்கும் பொறுப்பைக் கேன்டீன் டீ மாஸ்டரிடம் ஒப்படைத்தோம். அவர் எண்களை டீ டோக்கனின் பின்பக்கம் எழுதிச் சர்க்கரை டப்பாவுக்குள் போட்டு மூடிவிட்டார். எத்தனை பேர் எத்தனை விதமாகக் கேட்டும், கச்சாயம் தருவதாக ஆசை காட்டியும், மாலை வரை அவரிடமிருந்து ஓர் எண்கூட வெளியே வரவில்லை. அன்று பலருக்குச் சர்க்கரை இல்லாத டீதான் கிடைத்தது.

இனி என் பிழைக்கு வருகிறேன். இறுதி நாள் ஸ்டேபிள்ஃபோர்டில் இருவர் 17 புள்ளிகளுடன் சமமாக நின்றார்கள். சமநிலை வந்தால் கடைசி ஆறு குழிகளின் புள்ளிகளையும், அதிலும் சமமென்றால் கடைசி மூன்றையும், பிறகு கடைசிக் குழியையும் பார்க்க வேண்டும் என்பது நாங்களே எழுதி ஒட்டிய விதி. கடைசி ஆறிலும் சமம். கடைசி மூன்றைப் பார்க்கும்போது, கூட்டமும் ஒலிபெருக்கியும் தந்த பதற்றத்தில், புள்ளிகளைப் பார்க்காமல் மொத்த அடிகளைப் பார்த்துவிட்டேன். ஒருவர் 15 அடி, மற்றவர் 17 அடி. 15 அடித்தவரை அழைத்துப் பரிசான பித்தளைக் குடத்தைக் கொடுத்துவிட்டேன். உண்மையில், குழிக்கு இரண்டடி சலுகை உள்ள மற்றவருக்கு அந்த மூன்று குழிகளில் ஏழு புள்ளி. குழிக்கு ஓரடி மட்டுமே சலுகை உள்ள, நான் அழைத்தவருக்கு ஆறு. அடிகளைக் கூட்டி மனம் நோகடிக்கும் கணக்கை ஒழிக்கத்தான் ஓராண்டு பாடுபட்டோம். கடைசி நிமிடத்தில் நானே அந்தக் கணக்குக்குத் திரும்பிவிட்டேன்.

மறுநாள் காலை என் வீட்டு வாசலில் குடத்தோடு நின்றவர், அதைப் பரிசாகப் பெற்றவரே. இரவு கார்டை எடுத்துப் பார்த்திருக்கிறார். குடத்தைப் புளி போட்டுத் துலக்கிக் கொண்டுவந்திருந்தார். "நீங்க கொடுத்தா நல்லா இருக்காதுங்கக்கா, நானே கொண்டுபோய்க் கொடுத்துடறேன், நீங்க கூட வாங்க போதும்" என்றார். இருவரும் போனோம். உரியவர் அரிசிம்பருப்புச் சாதம் போட்டு உட்கார வைத்துப் பேசினாரே தவிர, என் பிழையைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. இந்த இரு சகோதரியருக்கும், முந்தைய மாலையே பட்டியலைப் பார்த்துப் புருவத்தை உயர்த்திய, நான் கவனிக்கத் தவறிய கணக்கு ஐயாவுக்கும் என் வருத்தத்தையும் நன்றியையும் எல்லார் முன்னிலையிலும் பதிவு செய்கிறேன்.

விடியும் முன்பே க்ரீனில் பனித்துளிகளைத் தள்ளிவிட்டுக் குழிகளை மாற்றி வெட்டி வைத்த மைதானத் தொழிலாளர்களுக்கும், புதன்கிழமைக் காலைச் சமையலை ஏற்றுக்கொண்ட வீட்டாருக்கும் நன்றி.

தை பிறந்து முதல் புதனன்று மீண்டும் தொடங்குகிறோம். முதல் ஆட்டம் நூல் ஆட்டமே. கோனில் பாதிக்கு மேல் மீதமிருக்கிறது. முடிச்சுப் போட இரண்டு நாள் முன்னதாக வரக்கூடியவர்கள் தெரிவிக்கவும். சமநிலை வந்தால் முடிவைக் கணக்கு ஐயா அறிவிப்பார்.

நன்றியுடன்,
ஒருங்கிணைப்பாளர்,
புதன்கிழமை மகளிர் ஆட்டக் குழு