பதினேழாம் பக்கத்தில் இருந்த பதில்: சுகாதாரத் தளங்களை நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

சுகாதாரத் துறைகளிலும் மருத்துவமனைகளிலும் இணையதளம், செயலி போன்றவற்றைக் கவனித்துக்கொள்ளும் உங்களுக்கு இதை எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. "கொஞ்சம் போன்ல பாத்துச் சொல்லேன்" என்று எல்லோரும் கூப்பிடும் ஆள் ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவர் இருப்பார். எங்கள் குடும்பத்தில் அது நான்.

போன வருடம் ஒரு நாள் இரவு எட்டரை மணிக்கு அக்கா மகனை நாய் கடித்துவிட்டது. கெண்டைக்காலில் பல் இறங்கி ரத்தம் வழிகிறது. அக்கா ஒரு போனில் அழுகிறாள், நான் இன்னொரு போனில் தேடுகிறேன். அரசுத் தளம் ஒன்று திறந்தது. மேலே ஓடும் எழுத்தில் ஏதோ விழா வாழ்த்து, நடுவில் பொன்னாடை போர்த்தும் படங்கள். ரேபிஸ், அதாவது வெறிநாய்க்கடி நோய், என்று தேடினால் ஸ்கேன் செய்த பிடிஎஃப் ஒன்று வந்தது. ஸ்கேன் என்பதால் அதற்குள் தேடவும் முடியாது. விரலால் தள்ளித் தள்ளிப் போய்ப் பதினேழாம் பக்கத்தில்தான் பதிலைப் பார்த்தேன்: காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். அதைக் கண்டுபிடிப்பதற்குள் அந்தப் பதினைந்து நிமிடம் ஓடியே போயிருந்தது.

அதே நேரத்தில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவு வந்து விழுந்தது. காயத்தில் ஏதோ இலையை அரைத்துப் பூசு, ஊசியே வேண்டாம் என்று யாரோ அன்பாகச் சொல்லியிருந்தார். நாற்பது விநாடி, தெளிவான பேச்சு. சரியான தகவலோ பதினேழாம் பக்கத்தில். யார் ஜெயிப்பார்கள் என்று நீங்களே சொல்லுங்கள். பொய்ச் செய்தியைக் கண்டித்து நீங்கள் போடும் அறிக்கைகளைப் பார்க்கும்போது எனக்கு அந்தக் குரல் பதிவுதான் ஞாபகம் வரும். அறிக்கைக்குப் பதில் நீங்களும் நாற்பது விநாடிக்கு ஒன்று பேசிப் போட்டிருக்கலாமே!

கழுவியாயிற்று. அப்புறம் எங்கே போவது? ரேபிஸுக்கு அறிகுறி தோன்றிவிட்டால் அநேகமாக யாரும் பிழைப்பதில்லை. அதனால் கடிபட்டவுடன் செய்வதுதான் எல்லாம். தோலைக் கிழித்த கடி என்றால் தடுப்பூசி மட்டும் போதாது, காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற, கிருமியை உடனே எதிர்க்கும் மருந்தையும் போட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இது எல்லா இடத்திலும் இருப்பில் இருக்கும் மருந்தில்லை. தளத்தில் இருந்த பட்டியலில் முதல் எண் உபயோகத்திலேயே இல்லை. இரண்டாவது அடித்துக்கொண்டே இருந்தது. மூன்றாவதில் ஒரு நல்ல மனிதர் எடுத்து, "ஊசி இருக்குங்க, மற்றது தீர்ந்துபோச்சு" என்றார். நான்காவது இடத்தில் கிடைத்தது. பையன் இப்போது நன்றாக இருக்கிறான், நாயைக் கண்டால் மட்டும் சாலையைக் கடந்துவிடுகிறான்.

இதில் எனக்குப் பட்டது ஒன்றுதான். என்ன செய்ய வேண்டும் என்பது ஒரு பிரிவின் வேலை, எங்கே போக வேண்டும் என்பது இன்னொரு பிரிவின் வேலை என்று நீங்கள் வைத்திருக்கிறீர்கள். நோயாளிக்கு இரண்டும் ஒரே கேள்வி. கழுவு என்று சொல்லும் பக்கத்திலேயே, இந்த நேரத்தில் திறந்திருக்கும் இடமும், அங்கே மருந்து இருக்கிறதா என்பதும் இருக்க வேண்டும். பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம். மருந்து கொடுக்கும் இடத்தில் இருப்பவருக்கு இருப்பு தெரியும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று அவர் குறுஞ்செய்தி அனுப்பினால் போதும். ஒரு நாள் முழுக்க அவரிடமிருந்து செய்தி வராவிட்டால், "இருப்பு தெரியவில்லை, கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்" என்று போடுங்கள். பழைய பட்டியலை நம்பிக் கிளம்புவதைவிட அது எவ்வளவோ மேல்.

தேதியும் போடுங்கள். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் 1998 முதல் நடத்தும் மெட்லைன்பிளஸ் தளத்தில், மருத்துவக் கலைக்களஞ்சியக் கட்டுரைகளின் அடியில் கடைசியாகச் சரிபார்த்த தேதி இருக்கும். சின்ன விஷயம்தான். ஆனால் அது இல்லாத பக்கத்தை நம்புவதா வேண்டாமா என்று முடிவு செய்வது என் தலையில் விழுகிறது.

மொழிபெயர்ப்பை எந்திரத்திடம் விட்டுவிட்டுப் போகாதீர்கள். வயிற்றுப்போக்குக்கு வீட்டிலேயே கலக்கும் உப்பு சர்க்கரைக் கரைசலை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீர், தலைதட்டிய தேக்கரண்டியால் 6 கரண்டி சர்க்கரை, அரைக் கரண்டி உப்பு. இதில் தேக்கரண்டி மேசைக்கரண்டி ஆகிவிட்டால் உப்பு மூன்று மடங்கு ஏறிவிடும், அது குழந்தைக்கு ஆபத்து. வெளியிடுவதற்கு முன், துறைக்குச் சம்பந்தமில்லாத ஒருவரிடம் படித்துக் காட்டி, என்ன புரிந்தது என்று அவரையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

எல்லாரிடமும் இணையம் இருக்கிறது என்ற நினைப்பும் வேண்டாம். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் 2024 கணக்குப்படி அந்த வருடம் உலகில் 260 கோடிப் பேர் இணையத்துக்கு வெளியேதான் இருந்தார்கள். தென்னாப்பிரிக்காவில் 2014-ல் தொடங்கிய மாம்கனெக்ட் திட்டத்தில், கர்ப்பிணிகள் சாதாரண போனிலேயே பதிவு செய்துகொண்டு மாதத்துக்கு ஏற்ற குறுஞ்செய்திகளைப் பெற முடிந்தது, திருப்பிக் கேள்வி கேட்கவும் முடிந்தது. செயலியில் முன்பதிவு செய்தால்தான் டோக்கன் என்று விதி போடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். நேரில் வந்து நிற்கிறவருக்கும் அதே வரிசையில் இடம் இருக்கட்டும்.

அப்புறம், மனநலம், பால்வினை நோய், கருத்தடை பற்றிப் படிக்க வருகிறவரிடம் பேரும் போன் எண்ணும் எதற்கு? 2023-ல் அமெரிக்காவில் ஒரு மனநல ஆலோசனைச் சேவை, பயனர் விவரங்களை விளம்பரத்துக்காகப் பகிர்ந்த புகாரில் 78 லட்சம் டாலர் கட்ட வேண்டி வந்தது. பேர் கேட்டால் பலர் படிக்காமலே போய்விடுவார்கள்.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இன்று இரவு எட்டரை மணிக்கு, ஒரு பழைய போனில், அலுவலக வைஃபை இல்லாமல் உங்கள் தளத்தைத் திறந்து, நாய் கடித்தால் என்ன செய்வது, இப்போது எங்கே போவது என்று தேடிப் பாருங்கள். அதில் இருக்கும் எண்ணுக்கு நீங்களே அடியுங்கள். எத்தனை நிமிடம் ஆனது, யார் எடுத்தார்கள் என்று அந்தப் பக்கத்திலேயே எழுதிப் போடுங்கள்.

இப்படிக்கு,
வீட்டில் போன் பார்த்துச் சொல்கிறவன்