இடுப்பில் மறைத்து வைக்கும் துப்பாக்கி: தவறான ஆலோசனை, தவறான தோட்டா குறித்துப் புகார்

பெறுநர்:
உரிமையாளர் அவர்கள்,
துப்பாக்கி விற்பனை நிலையம், சென்னை.

பொருள்: .32 (அங்குலத்தில் குழல் அளவு) பிஸ்டலை மாற்றித் தரவும், உறை மற்றும் தோட்டாக்களைத் திரும்பப் பெறவும் கோருதல்.

ஐயா, வணக்கம்.

நான் கோவையில் நகைப் பட்டறை வைத்திருக்கிறேன். செய்து முடித்த உருப்படிகளை ஈரோடு, சேலம் கடைகளுக்கு நானே காரில் எடுத்துப் போகிறேன். ஆயுத உரிமம் வாங்கியதே அதற்காகத்தான். உங்கள் கடையில் நான் கேட்டது, சுழலும் உருளைக்குள் தோட்டாக்கள் இருக்கும் ரிவால்வர். "அது தடிமன் சார், சட்டைக்கு மேல புடைச்சுக்கிட்டுத் தெரியும். பிஸ்டல்னா தட்டையா உட்கார்ந்துக்கும்" என்று சொல்லி, ரிவால்வரைக் கையில்கூடக் கொடுக்காமல் உங்கள் விற்பனையாளர் பிஸ்டலைத் தலையில் கட்டிவிட்டார். உரிமத்தில் இரண்டுக்கும் இடம் இருந்ததால் அதுவே பதிவாகிவிட்டது.

பிஸ்டலில் பழுதில்லை. என் வேலைக்கும் என் விரல்களுக்கும் அது ஒத்துவராது என்பதுதான் பிரச்சினை. சேம்பரில், அதாவது குழலின் பின்பக்க அறையில், சுடத் தயாராகத் தோட்டா ஏற்றி, பாதுகாப்புப் பூட்டை மட்டும் நம்பி இடுப்பில் செருகிக்கொண்டு மணிக்கணக்கில் கார் ஓட்ட எனக்கு மனம் வரவில்லை. ஏற்றாமல் வைத்தாலோ, ஆபத்து நேரத்தில் ஸ்லைடை (தோட்டாவை ஏற்றுவதற்காகப் பின்னால் இழுத்து விடும் மேல்பகுதி) இழுக்க இரண்டு கையும் வேண்டும். என் இடது கையில் நகைப் பை இருக்கும். போதாததற்கு ஸ்பிரிங் விறைப்பு. மூட்டுவலி உள்ள என் விரல்கள் வியர்வையில் வழுக்குகின்றன. இதையெல்லாம் கவுன்டரிலேயே, தோட்டா இல்லாத துப்பாக்கியை ஒரு நிமிடம் கையில் கொடுத்திருந்தால் தெரிந்திருக்கும். ரிவால்வரில் ஸ்லைடு என்ற பேச்சே இல்லை. ஒரு தோட்டா வெடிக்காமல் போனாலும் டிரிகரை மறுபடி இழுத்தால் அடுத்தது வந்து நிற்கும். எடைதான் கவலை என்றால், கான்பூரில் தயாராகி 2014-ல் வெளிவந்த நிர்பீக் ரிவால்வர் அரைக் கிலோதான். அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

உறை விஷயம் இதைவிட மோசம். நீங்கள் தந்த ரெக்சின் உறை டிரிகரை மூடவே இல்லை. சாவிக்கொத்தோ சட்டை நுனியோ உள்ளே நுழைந்தால் என்ன ஆகும் என்று துப்பாக்கிக் கடைக்காரருக்கு நான் சொல்லித்தர வேண்டுமா? கிளிப்பும் பெல்ட்டைப் பிடிப்பதில்லை; துப்பாக்கியை உருவினால் உறையும் சேர்ந்தே வருகிறது. பொது இடத்தில் கைத்துப்பாக்கி உறைக்குள், முழுக்க மறைந்து, வைத்திருப்பவரின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்பது ஆயுத விதிகள் 2016 சொல்வது. இந்த உறையோடு அது நடக்காத காரியம்.

தோட்டாவுக்கு வருகிறேன். இரண்டையும் .32 என்றுதான் சொல்கிறோம். ஆனால் தோட்டாவின் அளவு (குறுக்களவு × கூட்டின் நீளம்) பிஸ்டலுக்கு 7.65×17 மி.மீ., ரிவால்வருக்கு 7.65×23 மி.மீ. நீங்கள் பில் போட்டுக் கொடுத்த பெட்டியில் இருந்தது ரிவால்வர் தோட்டா. பிஸ்டலில் தோட்டாக்களை அடுக்கி வைக்கும் மேகசினுக்குள் அது நுழையவே இல்லை. கேட்டதற்கு, "விற்றது விற்றதுதான்" என்று போனை வைத்துவிட்டார்கள். ஆண்டுக்கு இத்தனை தோட்டா என்று என் உரிமத்தில் வரம்பு இருக்கிறது. பயன்படாத இந்தப் பெட்டியும் அந்தக் கணக்கில் ஏறிவிட்டது.

இது செருப்பு இல்லை, கடித்தால் கழற்றிப் போட. இன்னொரு உரிமதாரருக்கு விற்பதென்றாலும் எழுத்தில் தகவல் கொடுத்து 45 நாள் காத்திருக்க வேண்டும். ஆகவே நீங்களே பிஸ்டலை எடுத்துக்கொண்டு, உரிமம் வழங்கும் அதிகாரியின் அனுமதிக்கான தாள்களைத் தயார் செய்து, .32 ரிவால்வர் தர வேண்டும். விலை வித்தியாசம் இருந்தால் கட்டுகிறேன். உறைக்கான பணம் முழுதாகத் திரும்ப வேண்டும். தோட்டாக்களைத் திரும்பப் பெற்று உரிமத்திலும் உங்கள் பதிவேட்டிலும் திருத்தம் செய்ய வேண்டும்.

15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் கீழ் கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். பில் நகலும், உறையின் புகைப்படங்களும், உரிமத்தின் தோட்டாப் பதிவுப் பக்கமும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
கோயம்புத்தூர்.