பிள்ளையைக் கிடத்திவிட்டு வெளியே வா, தம்பி

மோல்மீன், பர்மா
பங்குனி மாதம்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மருமகளும் பேத்தியும் நல்லபடியாக இருக்க அங்காளம்மன் துணை. போனில் பேச ஆரம்பித்தால் உன் பக்கம் கரண்ட் போய் லைன் அறுந்துவிடுகிறது. இதைப் பாதியில் விட்டுவிட்டுப் பேச எனக்கு மனமில்லை. அதனால் தாளில் எழுதிப் படம் பிடித்து வைபரில் அனுப்புகிறேன். படித்துவிட்டு மருமகளிடமும் கொடு. அவளுக்குத் தெரியக்கூடாதது இதில் ஒன்றும் இல்லை.

"பிள்ளை அழும்போது எனக்கு வெறி வந்த மாதிரி கோபம் வருகிறதும்மா, நான் நல்ல அப்பன் இல்லை" என்று ராத்திரி இரண்டு மணிக்கு அனுப்பியிருந்தாய். கோபம் வந்ததால் நீ கெட்ட அப்பன் ஆகிவிடவில்லை, ராசா. பிரசவ வார்டில் நர்ஸாக வேலை பார்த்த காலத்தில் எத்தனையோ தாய் தகப்பனைப் பார்த்தவள் நான். கோபம் வராத வீடு கிடையாது. வருகிறது என்று வாய்விட்டுச் சொல்கிறவர்களைவிட, சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறவர்களை நினைத்துத்தான் எனக்குப் பயம். நீ சொன்னதில் எனக்குப் பாதி பாரம் இறங்கிவிட்டது.

மீதியை அப்புறம் படித்தாலும் சரி, இதை மட்டும் இப்போதே மனதில் வை. கோபம் தலைக்கேறுவது உனக்கே தெரியும். தாடை இறுகும், கை விறைக்கும், "வாயை மூடு" என்று கத்த வரும். அந்த நேரத்தில் பிள்ளையைத் தொட்டிலிலோ தரையில் விரித்த பாயிலோ மல்லாக்கக் கிடத்து. தலையணை, கம்பளி, துணிச்சுருள் எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. கொசுவலையை இழுத்துவிட்டு, கதவை ஒருக்களித்துவிட்டு வெளியே வா. பத்து நிமிடம் வராந்தாவில் நில். முகத்தைக் கழுவு. கீழே இறங்கி வாசல் வரைக்கும் நடந்துவிட்டு வா என்று சொல்லமாட்டேன், பிள்ளையின் சத்தம் காதில் விழுகிற தூரத்திலேயே இரு. பாதுகாப்பாகக் கிடத்திய பிள்ளை பத்து நிமிடம் அழுவதால் அதற்கு ஒரு கெடுதலும் வராது. மனசு ஆறவில்லையென்றால் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு இன்னும் பத்து நிமிடம் நில். எனக்குப் போன் போடு. எந்த நேரமானாலும் எடுப்பேன்.

குலுக்க மட்டும் கூடவே கூடாது. கைக்குழந்தையின் தலை அதன் உடம்பு நீளத்தில் கால் பங்கு. அதைத் தாங்க கழுத்தில் வலு இருக்காது. பிடித்துக் குலுக்கினால் உள்ளே மூளை முன்னும் பின்னும் மோதி, மெல்லிய ரத்தக் குழாய்கள் அறுந்து, மூளையைச் சுற்றியும் கண்ணுக்குள்ளும் ரத்தம் கசியும். சில நொடி போதும். பார்வை போகலாம், வலிப்பு வரலாம், உயிரே போகலாம். வெளியே ஒரு சிராய்ப்புகூட இல்லாமல் போகலாம். இப்படி வந்த பிள்ளைகளில் பாதிக்கு மேல் ஆண்களின் கையில் நடந்தது என்று டாக்டர்கள் சொல்வார்கள். அவர்களில் பலர் கொடுமைக்காரர்கள் இல்லை, தூக்கமில்லாமல் பிள்ளையை வைத்துக்கொண்டு தனியாக நின்றவர்கள்.

தூளியும் அப்படித்தான். நீ தூளி கட்டியிருப்பதைப் படத்தில் பார்த்தேன். ஆட்டுகிறவன் மனதில் இருக்கிற வேகம் துணிக்குப் போய்விடும், அவனுக்கே தெரியாது. கோபத்தில் இருக்கும்போது தூளியைத் தொடாதே.

சரி, பிள்ளை ஏன் இப்படி அழுகிறது என்று கேட்டாயே. வயிறு நிறைந்திருக்கிறது, துணி மாற்றியாயிற்று, காய்ச்சல் இல்லை, ஆனாலும் சாயங்காலம் ஆனால் வீறிடுகிறது. உன் பேரிலோ மருமகள் பேரிலோ குறை இல்லை. இந்த வயதில் அது அப்படித்தான். 1962இல் அமெரிக்காவில் பிரேசல்டன் என்ற குழந்தை மருத்துவர் 80 குழந்தைகளின் அழுகையைத் தாய்மாரைக் கொண்டே தினமும் குறித்து வைக்கச் செய்தார். நல்ல ஆரோக்கியமான குழந்தைகள். அழுகை வாரத்துக்கு வாரம் ஏறி, ஆறாவது வாரத்தில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரம் என்று உச்சத்துக்குப் போய், அப்புறம் இறங்கியது. அதிலும் சாயங்காலம்தான் அதிகம். நம் பேத்திக்கு இப்போது ஆறு வாரம். நீ இருப்பது உச்சியில். மூன்று நான்கு மாதத்துக்குள் தானாகவே குறைந்துவிடும்.

திருஷ்டி சுற்றிப் போட வேண்டும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னால் போடட்டும், ஒன்றும் தப்பில்லை. வாயில் எதுவும் ஊற்ற மட்டும் விடாதே. ஆறு மாதம் வரைக்கும் தாய்ப்பால்தான், தண்ணீர்கூட வேண்டாம். தேன் ஒரு வயது வரைக்கும் கூடாது.

உன் கோபத்தில் பெரும்பங்கு தூக்கமில்லாத கோபம். 17 மணி நேரம் விழித்திருந்தவனின் கையும் புத்தியும், ரத்தத்தில் 0.05 சதவீதம் சாராயம் ஏறியவன் மாதிரி தடுமாறும் என்று 1997இல் ஆஸ்திரேலியாவில் சோதித்தே காட்டியிருக்கிறார்கள். நீ காலையில் ஐந்தரைக்கு எழுந்து பஸ் பிடித்து வேலைக்குப் போய்விட்டு வந்து, நள்ளிரவில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறாய். அந்த நேரத்தில் உன் குணத்தை எடைபோடாதே. வரும் வழியில் பீர் கடையில் உட்கார்ந்தால் மனசு இறங்கும் என்று கூட்டாளிகள் கூப்பிடுவார்கள். குடித்த ராத்திரி நீ பிள்ளையைத் தூக்கக்கூடாது, பக்கத்தில் படுக்கவும் கூடாது. அப்போது மருமகள் ஒருத்தியே எல்லாவற்றையும் பார்க்க வேண்டிவரும்.

ராத்திரியைப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். பிறந்த பிள்ளைக்கு ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை பால் வேண்டும், அதை அவள்தான் கொடுக்க முடியும். மற்றதெல்லாம் நீ செய்யலாம். எட்டு மணிப் பால் முடிந்ததும் சோறு, பாத்திரம் எதையும் பார்க்காமல் அவள் போய்ப் படுக்கட்டும். ஏப்பம் விட வைப்பது, துணி மாற்றுவது, தோளில் போட்டு நடப்பது உன் பொறுப்பு. அடுத்த பாலுக்குப் பிள்ளையை நீயே கொண்டுபோய் அவளிடம் கொடுத்துவிட்டு, முடிந்ததும் வாங்கிக்கொண்டு வா. பன்னிரண்டு மணிக்கு மேல் நீ படு, காதில் பஞ்சை வைத்துக்கொண்டாலும் தப்பில்லை. ஆளுக்கு நான்கு மணி நேரத் தூக்கமாவது கிடைத்தால் போதும், மறுநாள் மனுசராக இருக்கலாம். நாற்காலியில் பிள்ளையை மார்பில் போட்டுக்கொண்டு கண்ணயராதே, நழுவினால் மூச்சுத் திணறிவிடும். சொக்குகிறது என்று தெரிந்ததும் கிடத்திவிடு.

"நாங்கள் எல்லாம் பெற்று வளர்க்கவில்லையா" என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்காது. நாங்கள் வளர்த்தது உண்மை, தனியாக வளர்க்கவில்லை. இந்தத் தெருவில் நீ பிறந்தபோது எதிர்வீட்டு மோன் இனத்து அம்மா மஞ்சள் அரைத்துக்கொண்டு வந்து எனக்குப் பூசிவிட்டாள், உன் பெரியம்மா சாறு வைத்தாள், நான் தூங்கும்போது நீ யார் மடியில் கிடந்தாய் என்பதுகூட எனக்குத் தெரியாது. நீங்கள் ரங்கூனில் ஐந்தாம் மாடியில், லிஃப்ட் இல்லாத கட்டிடத்தில், இரண்டு பேர் மட்டும் இருக்கிறீர்கள். அந்த வேலையை இரண்டு பேர் செய்ய முடியாது. பிள்ளை பார்க்க வருகிறவர்களுக்கு டீ போட்டுக் கொடுக்காதே. பிள்ளையை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு ஒரு மணி நேரம் படு. கேட்க வெட்கப்படாதே. வருகிறவர்களுக்கும் அதுதான் சந்தோஷம்.

இன்னொன்று, இது ரொம்ப முக்கியம். மருமகள் பத்தியம் என்று வெறும் வெள்ளைச் சோறும் கருவாடும் சாப்பிடுகிறாள் என்று சம்பந்தியம்மா பெருமையாகச் சொன்னார்கள். எனக்கு அது கேட்டதிலிருந்து தூக்கமில்லை. வைட்டமின் பி1 சத்து குறைந்த தாயின் பாலில் பிள்ளைக்கும் அது போதுமான அளவு இருக்காது. ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்குள் பிள்ளைக்கு பெரிபெரி என்ற நோய் வரலாம். பர்மாவில் பச்சைப் பிள்ளைகளைக் கொண்டுபோன நோய் இது. பிள்ளை பால் குடிக்க மாட்டாது, மூச்சு வேகமாக வாங்கும், அழுகிற குரல் கம்மிவிடும், வாய் அழும் சத்தம் வராது. அப்படிக் கண்டால் ஒரு நிமிடம் நிற்காமல் தூக்கிக்கொண்டு ஓடு. நேரத்தோடு பி1 ஊசி போட்டால் சில மணி நேரத்தில் தெளிந்துவிடும், தாமதித்தால் இதயம் தாங்காது. அந்த நிலைக்கு விடவே வேண்டாம். கிளினிக்கில் கொடுத்த பி1 மாத்திரையை அவள் நிறுத்திவிட்டாளா என்று இன்றைக்கே கேள். காலையில் தெருவில் பெப்யோ, அதுதான் வேகவைத்த பட்டாணி, கூவிக்கொண்டு வருவாளே, தினமும் வாங்கிக் கொடு. முட்டை, பருப்பு, பயறு, பன்றிக்கறி சாப்பிடுவாளானால் அதுவும் நல்லது. அரிசியைக் கழுவிக் கழுவிக் கஞ்சி வடிக்க வேண்டாம். பத்தியத்தின் பேரில் பட்டினி கிடக்கிற தாய்க்கும் சோர்வும் எரிச்சலும்தான் மிஞ்சும். சம்பந்தியம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன், நீ அதில் தலையிடாதே.

இது தவிர உடம்புச் சூடு 38 டிகிரி செல்சியஸைத் தொட்டாலோ, பச்சையாக வாந்தி எடுத்தாலோ, துவண்டு கிடந்தாலோ, மலத்தில் ரத்தம் கண்டாலோ குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குப் போய்விடு. விடியட்டும் என்று காத்திருக்காதே.

மருமகளைக் கவனி. பிரசவமாகி முதல் பத்து நாள் காரணமில்லாமல் அழுவது சகஜம். இரண்டு வாரம் தாண்டிய பிறகும் அழுதுகொண்டிருந்தாலோ, பிள்ளை தூங்கும்போதும் அவளுக்குத் தூக்கம் வராவிட்டாலோ, செத்துப்போகலாம் போலிருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னாலோ டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ. அவளைத் தனியாக விடாதே. அது பிரசவத்துக்குப் பின் வருகிற மனச்சோர்வு, மருந்தும் ஆறுதலும் கொடுத்தால் குணமாகிற நோய். தகப்பனுக்கும் வரும், பத்தில் ஒருவருக்கு வருகிறது. இரண்டு வாரத்துக்கு மேல் உனக்கு எதிலும் மனம் ஒட்டாமல் எரிச்சலாகவே இருந்தால் நீயும் காட்டு. டாக்டர் கேட்டால் கோபத்தைப் பற்றி என்னிடம் சொன்ன மாதிரியே சொல்லு, குறைத்துச் சொல்லாதே.

அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் கட்டுப் பிரித்ததும் நான் பஸ் ஏறிவிடுவேன். தண்ணித் திருவிழாவுக்கு முன்னாடியே வந்துவிடப் பார்க்கிறேன், திருவிழா வந்துவிட்டால் டிக்கெட் கிடைக்காது. வந்த பிறகு ராத்திரி என் முறை. அதுவரைக்கும் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குப் போன் போடுகிறேன். பேத்தி அழுதால் அழட்டும், போனைப் பக்கத்தில் வைத்துவிட்டு நீ பேசு.

பி1 மாத்திரை பற்றி மருமகள் என்ன சொன்னாள் என்று இன்றைக்கே வைபரில் போடு. பூண்டு ஊறுகாய் வேண்டுமா என்றும் கேட்டுச் சொல், கட்டிக்கொண்டு வருகிறேன்.

அன்புடன்
அம்மா