அந்த மறையுரைத் தாள்களைப் பிரித்து வைக்காதீர்கள்

விசிட்டேஷன் என்ற கத்தோலிக்கப் பெண் துறவியர் சபையின் மடத் தலைவியருக்கும், மூடப்பட்ட மடங்களின் தாள்களைக் காத்துவரும் பிரெஞ்சு ஆவணக் காப்பகத்தாருக்கும்,

வணக்கம். சபையைத் தோற்றுவித்த புனித ழான் பிரான்சுவாஸ் தெ சாந்தாலைப் போற்றி 18-ஆம் நூற்றாண்டில் கையால் எழுதப்பட்ட மறையுரைகளுக்காக இந்த மடல். 1751-இல் அவருக்கு முத்திப்பேறு பட்டமும் (புனிதர் பட்டத்துக்கு முந்தைய படி) 1767-இல் புனிதர் பட்டமும் கிடைத்தபோது மடங்களில் விழா எடுத்தார்கள், பிரசங்கியார்களை அழைத்துப் பேசவைத்தார்கள். பேசியதெல்லாம் அச்சேறவில்லை.

இப்படி ஒரு தாள் கையில் கிடைத்தால், 'மறையுரை, எழுதியவர் தெரியவில்லை' என்று பட்டியலில் ஒரே வரியில் முடித்துவிடுவது சுலபம். அப்படிச் செய்யாதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

சாந்தால் துறவு வாழ்வுக்குப் புறப்பட்ட 1610-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். கணவர் வேட்டையில் குண்டடிபட்டு இறந்து ஒன்பது வருடம். பிரான்சின் திஜோன் நகரில், தந்தையின் வீட்டில் எல்லோரிடமும் விடைபெறுகிறார். பதின்வயது மகன் செல்ஸ் பெனீஞ், போவதானால் என்னைத் தாண்டிப் போங்கள் என்று வாசற்படியின் குறுக்கே படுத்துக்கொள்கிறான். அவர் அழுதார், தாண்டியும் போனார். ஆன்சி நகரில் (அப்போது அது சவோய் நாடு) சபை பிறந்தது.

சாந்தாலைப் பற்றிப் பேச வந்த பிரசங்கியார் இந்த வாசற்படியை என்ன செய்வது? மடத்துக் கோவிலில் துறவியரை ஊராரிடமிருந்து பிரிக்கும் கிராதிக்கு அந்தப் பக்கம் வீட்டை விட்டு வந்த துறவியர், இந்தப் பக்கம் பிள்ளை குட்டிகளோடு ஊரார். இரு தரப்பும் கேட்கும்படி சொல்வது லேசுப்பட்ட காரியமில்லை. அச்சுப் பிரதி அவர் வந்து சேர்ந்த முடிவை மட்டும் காட்டும். கையெழுத்துப் பிரதியிலோ அவர் அடித்ததும் ஓரத்தில் சேர்த்ததும் தெரியும். எனக்கு வேண்டியது அந்த அடித்தல்கள்தான். 17-ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு ஆயரும் பேர்பெற்ற பிரசங்கியாருமான பொசுவேயின் மறையுரைகளை 1772 முதல் பதிப்பித்த துறவி தெஃபொரி, மாற்றுச் சொற்களையெல்லாம் மூல வாசகத்தோடு கலந்துவிட்டார். நூறு வருடம் கழித்து லெபார்க் என்ற ஆய்வாளர் கையெழுத்தையும் எழுத்துக்கூட்டலையும் வைத்துத்தான் அவற்றுக்குக் காலவரிசை கண்டார். தாள்கள் பிழைத்திருந்ததால் ஆயிற்று.

உங்களிடம் இன்னொரு சாவியும் இருக்கிறது. மடங்கள் ஒன்றுக்கொன்று சுற்றுமடல் அனுப்பி, இறந்தவர் வரலாற்றையும் மடத்துச் செய்திகளையும் சொல்லிக்கொள்வது இந்தச் சபையின் பழைய வழக்கம். எந்த விழாவில் யார் பேசினார் என்பது அதில் அகப்படலாம். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் பறிமுதலான மடத்துத் தாள்கள் இன்று மாவட்டக் காப்பகங்களில் துறவு மடங்களுக்கான 'எச்' வரிசையில் உள்ளன; சுற்றுமடல்களோ வேறெங்கோ இருக்கும். ஆள் பற்றாக்குறையால் இப்போது மூடும் மடங்களிலாவது மறையுரைத் தாள், சுற்றுமடல் இரண்டையும் பிரிக்காமல் ஒரே பெட்டியில் போடுங்கள். ஏற்கெனவே பிரிந்தவற்றுக்கு, ஒன்றின் பட்டியலில் மற்றது இருக்கும் இடத்தைக் குறித்தால் போதும். அப்புறம், படம் எடுக்கும்போது வெற்றுப் பின்பக்கத்தையும் சேர்த்து எடுங்கள். தேதியைச் சிலர் அங்கேதான் கிறுக்கி வைப்பார்கள்.

இப்படிக்கு,
திருச்சபை வரலாறு படிக்கும் ஒரு தமிழ் வாசகர்